வலி போன பிறகும் விடாத மாத்திரை

சென்னையில் ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்யும் மருந்துகளின் போதை என்றதும் பலருக்கு ஹெராயினும் பிரவுன் சுகரும்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு இளைஞர்கள் கையில் அதிகம் புழங்குவது அட்டையில் வரும் வலி மாத்திரை. முதலில் டேபென்டடால், அடுத்தது டிரமடால். போதை மாத்திரை பறிமுதல் என்று செய்தித்தாளில் வருவதில் பெரும்பகுதி இவையும், நைட்ரஜெபாம் போன்ற தூக்க மாத்திரைகளும்தான். வெளிமாநிலங்களிலிருந்து கூரியரில் பெட்டியாக வந்து இறங்குகின்றன. இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் அவற்றைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். "டாக்டர் எழுதுற மாத்திரைதானே, இதுல என்ன ஆகிடப் போகுது" என்ற நினைப்பு அவர்களிடமும் இருக்கிறது, அவர்கள் வீட்டாரிடமும் இருக்கிறது. அந்த நினைப்பு உயிரை வாங்குகிறது. இந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அது நிலைக்காது.

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் மியூ ஏற்பிகள் என்று ஒருவகை ஏற்பிகள் இருக்கின்றன. அடிபட்டாலோ கடுமையாக உழைத்தாலோ உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் வந்து ஒட்டும் இடம் அது. அபின், மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், டேபென்டடால் எல்லாமே அதே இடத்தில்தான் ஒட்டுகின்றன. எண்டார்ஃபின் சிறிதளவு சுரந்து சீக்கிரமே சிதைந்துவிடும். இந்த மருந்துகள் பல மடங்கு அதிகமாக வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்துகொள்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், வலியைக் கடத்தும் பாதையில் இருக்கும் அதே ஏற்பி, மூளையின் மகிழ்ச்சிச் சுற்றிலும் இருக்கிறது, மூச்சு விடும் தாளத்தை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கிறது. வலியை மட்டும் தொடு, மற்றதை விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. வலி குறையும் அதே நேரத்தில், அந்த மகிழ்ச்சிச் சுற்றை இயக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் போடப்பட்டிருக்கும் பிரேக்கும் தளர்கிறது. சாதாரணமாக காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் டோபமைனை அடக்கி வைத்திருக்கும். ஓபியாய்டு அந்த அணுக்களை அமுக்கிவிடுவதால் டோபமைன் பெருகுகிறது. "இதை மறக்காதே, திரும்பச் செய்" என்று மூளை பதிவு செய்துகொள்கிறது. மருந்து எவ்வளவு வேகமாக மூளையை எட்டுகிறதோ அவ்வளவு ஆழமாக அந்தப் பதிவு விழும். விழுங்கிய மாத்திரை முக்கால் மணி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நரம்பில் போனது நொடிகளில் எட்டிவிடும். ஒரே மருந்து ஊசியில் போகும்போது பல மடங்கு பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது உடம்பு பழகிப்போவது. தினமும் ஏற்பிகளை அமுக்கிக்கொண்டே இருந்தால் அவை மந்தமாகிவிடும். நேற்றைய அளவு இன்று எடுக்காது. இன்னொரு பக்கம், அமுக்கப்பட்ட நரம்பணுக்கள் எதிர்த்துத் தள்ளக் கற்றுக்கொள்ளும். மருந்து இருக்கும்வரை அந்தத் தள்ளல் வெளியே தெரியாது. மருந்து இறங்கியதும் எதிர்ப்பு மட்டும் மிஞ்சும். மூளைத்தண்டில் நோர்அட்ரினலின் என்ற பதற்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைச்சல், தூக்கமே இல்லாமல் கால் உதறல். குறைந்த நேரம் வேலை செய்யும் மருந்துகளில் கடைசி டோஸுக்குப் பிறகு 8 முதல் 12 மணி நேரத்தில் இது தொடங்கும். 36 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கும். மனசின் ஏக்கமும் தூக்கமின்மையும் மாதக்கணக்கில் நீளும்.

இந்த நிலையில் இருப்பவரைப் பார்த்து "ஜாலிக்காகப் போடுறான்" என்று சொல்வது தவறு. அந்தக் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. காலையில் எழுந்து நிற்பதற்கும், கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்குவதற்கும், சாதாரணமாக இருப்பதற்குமே அவருக்கு மாத்திரை வேண்டும். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு வலியைத் தாங்கும் சக்தியும் குறைந்துபோவதுண்டு. வலிக்காக ஆரம்பித்த மருந்தே வலியைக் கூட்டும். அதைப் பழைய வலி திரும்பிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒன்று போடுவார்கள்.

இனி உயிர் போகும் விஷயத்துக்கு வருவோம். ரத்தத்தில் கார்பன்டைஆக்சைடு கூடினால் "மூச்சு விடு" என்று மூளைத்தண்டு உத்தரவிட வேண்டும். ஓபியாய்டு அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. திணறுவோமே, தவிப்போமே என்று நினைக்காதீர்கள். தவிப்பைத் தரும் உணர்வே அணைந்துவிடுவதால் தூங்குவது போலவே மூச்சு குறைந்து நின்றுவிடும். இதில் மிகவும் கொடுமையான ஒன்று உண்டு. போதைக்கு உடம்பு பழகும் வேகமும் மூச்சு அடங்குவதற்குப் பழகும் வேகமும் ஒன்றல்ல. போதை சீக்கிரம் மங்கிவிடும், மூச்சுக்கான பாதுகாப்பு அவ்வளவு வேகமாக உயராது. ஆகவே பழைய சுகத்தைத் தேடி அளவைக் கூட்டக் கூட்ட, சுகம் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது.

அந்தப் பழக்கம் கலைவதும் சீக்கிரம்தான். சில வாரம் விட்டிருந்தாலே உடம்பு ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மூன்று மாதம் மறுவாழ்வு மையத்திலோ புழல் சிறையிலோ இருந்துவிட்டு வெளியே வருபவர், முன்பு போட்ட அளவையே ஒரே ஒருமுறை போட்டாலும் இறந்துவிடலாம். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. "இப்பதான் நல்லாயிட்டான்" என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரமும் அதுவே. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கூடவே சாராயமோ, நைட்ரஜெபாம், அல்பிரஜோலம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இரண்டும் இரண்டு வழியில் மூச்சை அமுக்கும். தனித்தனியாகத் தாங்கக்கூடிய அளவுகள் சேரும்போது தாங்காது. இறப்புகளில் ஒரே ஒரு மருந்து மட்டும் இருப்பது குறைவு.

டிரமடாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு நாளைக்கு 400 மி.கி. என்பது அதன் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து வேகமாக ஏறும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு மீறி காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று போகும். அது கல்லீரலில் மாறித்தான் முழு வீரியம் பெறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்கு அதிவேகமாக வேலை செய்யும். நண்பனுக்கு ஒன்றும் செய்யாத அதே அளவு இவரை வீழ்த்திவிடலாம்.

விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையை நரம்பில் ஏற்றுவது தனிக் கேடு. மாத்திரையில் மருந்து ஒரு பகுதிதான். டால்க், செல்லுலோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட் எல்லாம் மீதி. இவை தண்ணீரில் கரைவதில்லை. பஞ்சில் வடிகட்டினாலும் நுண்துகள் உள்ளே போய்விடும். நரம்பை அடைக்கும், நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். தமனியில் தவறிப் போனால் விரல்கள் கறுத்து, வெட்டி எடுக்க வேண்டிய நிலை வரும். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி, ரத்தத்தில் கிருமி, அங்கிருந்து இதய வால்வில் தொற்று. ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஊசி மட்டுமல்ல, கலக்கிய மூடியும் தண்ணீரும் பஞ்சும் பகிர்ந்தாலே ஹெபடைடிஸ் சி பரவும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட ஊர் சென்னை, 1986ல். 1990களில் இங்கே பிரவுன் சுகரிலிருந்து பூப்ரனார்ஃபின் என்ற இன்னொரு ஓபியாய்டு ஊசிக்கு மாறியவர்களிடையே அந்தக் கிருமி எப்படிப் பரவியது என்று இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. இன்று மருந்தின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஒவ்வொரு தலைமுறையிலும் "இது பழகாது" என்ற வாக்குறுதியோடுதான் ஒரு புது ஓபியாய்டு வந்திருக்கிறது. 1898ல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது. 1980ல் ஒரு மருத்துவ இதழில், மருத்துவமனையில் ஓபியாய்டு கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் அடிமைத்தனம் வந்தது என்று ஒரே பத்தியில் ஒரு கடிதம் வெளியானது. அது வார்டில் குறுகிய நாள் மருந்து பெற்றவர்களைப் பற்றியது. வீட்டில் மாதக்கணக்காக விழுங்குபவர்களைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் 1996ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை சந்தைக்கு வந்த காலத்தில் அந்தக் கடிதம் பெரிய ஆய்வு போல மேற்கோள் காட்டப்பட்டது. அமெரிக்கா அதற்கு உயிர்களால் கொடுத்த விலை உலகமறிந்தது. டிரமடாலையும் வீரியம் குறைந்தது என்று சொல்லித்தான் பல ஆண்டு தாராளமாக எழுதினார்கள். இந்தியாவில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது 2018 ஏப்ரலில்தான். இந்திய அரசு 2019ல் வெளியிட்ட தேசிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் ஏதாவது ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துவதாகச் சொன்னது.

வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். சாராயம் போல வாடை இல்லை, கஞ்சா போல புகை இல்லை. பார்க்க வேண்டியது கண்ணை. மங்கலான வெளிச்சத்திலும் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். மூக்கையும் உடம்பையும் சொறிந்துகொண்டே இருப்பார்கள். நாள்கணக்கில் மலச்சிக்கல். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. குப்பையில் காலி அட்டை, சிரிஞ்சு, சிறு தண்ணீர்க் குப்பி. மருந்து கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகிக் கொட்டாவி விட்டுக்கொண்டு சளிக்காய்ச்சல் வந்தவர் போல் படுத்திருப்பார், மாலையில் வெளியே போய்வந்ததும் தெளிந்துவிடுவார்.

எழுப்ப முடியாமல் கிடந்தால் தயங்கக் கூடாது. பெயர் சொல்லிக் கத்துங்கள், நெஞ்செலும்பை விரல்முட்டியால் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே, அல்லது தொண்டையில் களகளவென்று குறட்டை போன்ற சத்தம் என்றால் 108. அந்தச் சத்தத்தை "நல்லா தூங்குறான்" என்று விட்டுவிட்டுத்தான் பலர் காலையில் பிணத்தைப் பார்க்கிறார்கள். மூச்சு குறைவாக இருந்தால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 5 நொடிக்கு ஒருமுறை ஊதுங்கள், நெஞ்சு எழும்ப வேண்டும். மூச்சே இல்லை, நாடியும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி உள்ளே போகாது. உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். காலி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், எதைப் போட்டார் என்பதை மறைக்காதீர்கள். மருத்துவமனையில் ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் போட்டால் ஓரிரு நிமிடத்தில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதைவிட நீடிக்கலாம். கண் விழித்ததும் "சரியாயிடுச்சு" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் வீட்டில் மறுபடி மூச்சு நிற்கும்.

சிகிச்சை என்றதும் அடைத்து வைப்பது என்று நினைக்கிறோம். மருந்தில்லாமல் அடைத்து வைத்து அனுப்புவது, மேலே சொன்ன அந்த ஆபத்தான வாரங்களுக்குள் அவரைத் தள்ளுவதுதான். பலன் நிரூபிக்கப்பட்ட வழி, நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரனார்ஃபின் – நலோக்சோன் மாத்திரை அல்லது நீண்ட நேரம் வேலை செய்யும் ஓபியாய்டான மெத்தடோன், மருத்துவர் கண்காணிப்பில். பூப்ரனார்ஃபின் மியூ ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பாதிதான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. ஏக்கம் அடங்கும், வேலைக்குப் போகலாம். இதைத் தொடங்கும் நேரம் முக்கியம்: முந்தைய மருந்து இறங்கி அவஸ்தை தெரிய ஆரம்பித்த பிறகே முதல் டோஸ். அவசரப்பட்டால் முழு அவஸ்தையும் ஒரே அடியாக இறங்கும். அதை ஒருமுறை அனுபவித்தவர் சிகிச்சைப் பக்கமே திரும்ப மாட்டார். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் தொடர வேண்டிய மருந்து இது. அவசரமாக நிறுத்தச் சொல்பவர்கள் நல்லது செய்வதில்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. போலீஸுக்குப் பயந்து மறைப்பவர்களுக்கு ஒன்று: தானாக முன்வந்து சிகிச்சை பெறும், சிறிய அளவு வைத்திருந்த அடிமைகளுக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு புற்றுநோயாளியின் மார்ஃபினை யாரும் பிடுங்கிவிடக் கூடாது. கடும் வலியில் இருப்பவருக்கு, சரியான அளவில், நேரம் தவறாமல் கொடுக்கப்படும் மார்ஃபின் அவருடைய உரிமை. மலச்சிக்கலுக்கு மருந்தும் கூடவே வேண்டும், ஏனென்றால் அதற்கு உடம்பு எளிதில் பழகுவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டிரமடால் எழுதினால் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று நாள், அதிகம் போனால் ஒரு வாரம். பாராசிட்டமால் 325 மி.கி.யோடு டிரமடால் 37.5 மி.கி. சேர்ந்த மாத்திரை மூட்டுவலிக்கு நிறைய எழுதப்படுகிறது. பழைய சீட்டைக் காட்டி அதை மாதாமாதம் வாங்கித் தரும் பிள்ளைகள் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பல வாரம் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். மீந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை உரித்த பிறகும் அதில் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, மருந்து கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.