கிராவிட்டி என்ற சொல்லின் வேரைத் தேடும்போது

ஓர் ஆங்கில அறிவியல் சொல்லைக் கொடுத்து அதன் சொற்பிறப்பை எழுதச் சொன்னால், பலரும் அகராதிக் குறிப்பின் கடைசி வரிக்குத் தாவி வேரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். மொழியியல் தாளுக்குப் படித்தபோது நான் படிப்படியாகவே பின்னோக்கிப் போனேன். ஒவ்வொரு படியிலும் வடிவத்தையும் பொருளையும் சேர்த்தே குறித்துக்கொண்டேன்.

கிராவிட்டியையே பாருங்கள். லத்தீன் கிராவிடாஸ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே முதலில் அதற்குக் கண்ணியம், தீவிரம் என்றே பொருள். ஈர்ப்பு என்ற இயற்பியல் பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா' என்ற தன் இயற்பியல் நூலை நியூட்டன் லத்தீனில் எழுதியதால் அதில் கிராவிடாஸ் என்றே இருக்கிறது.

கிராவிடாஸுக்கு அடிப்படை, கனமான என்று பொருள்படும் கிராவிஸ். இனிமேல்தான் சுவை. அதே பொருளில் கிரேக்கத்தில் பாரூஸ். பாரோமீட்டரும் பேரியமும் அதன் வழி வந்தவை. சமஸ்கிருதத்தில் குரு! ஆசான் என்ற பொருள் பின்னால் வந்தது; யாப்பில் அசையை லகு (இலேசானது), குரு (கனமானது) என்று பிரிப்பதில் பழைய கனம் அப்படியே இருக்கிறது. (லகுவின் லத்தீன் உறவு லெவிஸ். லெவிட்டி அதன் பிள்ளை.)

கிரேக்கத்தில் மட்டும் ஏன் 'ப'? இம்மூன்று மொழிகளுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூல மொழியில் அது உதட்டைக் குவித்து ஒலித்த ககரம். கிரேக்கத்தில் அது பெரும்பாலும் பகரமானது, சமஸ்கிருதத்தில் குவிவு போய்க் ககரமாக நின்றது. ஒரு சொல்லை வைத்து இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், இன்னொரு தொகுதியும் வேண்டும். வருதல், போதல் என்ற பொருளில் சமஸ்கிருதத்தில் கம், கிரேக்கத்தில் பைனோ. கமனமும் சங்கமமும் முதலாவதிலிருந்து வந்தவை. அதே மாற்றம் இங்கும் தெரிகிறது. விடையில் எடை உள்ள பகுதி இதுதான் என்பேன்.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பக் கூடாது. கல்லறையைக் குறிக்கும் ஆங்கில 'கிரேவ்', தோண்டுதல் என்ற பொருளுள்ள வேறொரு ஜெர்மானியச் சொல். தீவிரமான என்று பொருள்படும் 'கிரேவ்' மட்டுமே கிராவிஸின் வழித்தோன்றல். எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே மரத்தில் கட்டிவிடுவது எளிது.

மூல மொழி வேரை எழுதும்போது அதன் முன்னால் நட்சத்திரக் குறி போட மறக்காதீர்கள். அந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைத்ததல்ல, ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது. கிராவிஸுக்கும் குருவுக்கும் அந்தக் குறி தேவையில்லை.