மின்கம்பி நுழையாத பட்டறையில் ஒரு மென்பொருள் வேலை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மரச்சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்திற்காக எங்கள் குழு கொள்முதல் மென்பொருள் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. கடைகளிலிருந்து வரும் ஆர்டர் இணையம் வழியே நேராக உற்பத்தியாளருக்குப் போக வேண்டும்; அவர் அதைத் திறந்து பார்த்து ஏற்க வேண்டும்; வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நாள்தோறும் பதிவு செய்ய வேண்டும். உற்பத்தியாளர்களில் பெரும்பாலோர் ஹோம்ஸ் கவுண்டியைச் சேர்ந்த ஆமிஷ் தச்சர்கள். வீட்டுக்கு மின் இணைப்பே வாங்காத அவர்களிடம் இந்த ஏற்பாட்டை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று கண்டறியும் பொறுப்பு, பயனர் தேவைகளைத் தொகுக்கும் பணியில் இருந்த எனக்கு வந்தது.

ஆமிஷ் மக்கள் சுவிட்சர்லாந்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வேர்கொண்ட அனபாப்டிஸ்ட் கிறித்தவ மரபினர்; குழந்தைக்கு அல்ல, வளர்ந்தபின் தானே விரும்பி ஏற்பவருக்கே ஞானஸ்நானம் என்பது அம்மரபு. 1693இல் யாக்கோப் அம்மான் என்ற போதகரின் வழியில் தனிக் கிளையாகப் பிரிந்து, 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறத் தொடங்கியவர்கள். குதிரை வண்டியும் கறுப்புத் தொப்பியும் தாடியும் கொண்ட படங்களைப் பார்த்துவிட்டு, இது அழிந்துகொண்டிருக்கும் ஒரு பழைய கூட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. 1900ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 5,000 பேராக இருந்தவர்கள் இன்று ஏறத்தாழ 4 இலட்சம் பேர். இளமையில் வெளியுலகத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு, ஞானஸ்நானம் பெறுவதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுக்கும் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் தங்கள் சபையிலேயே இணைகிறார்கள்.

மில்லர்ஸ்பர்க்குக்கு அருகில் நான் பார்த்த பட்டறை ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தகரக் கொட்டகை. ஆனால் கூரையில் வரிசையாக ஒளி புகும் தகடுகள் பதித்திருந்ததால் உள்ளே பகல் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. பின்புறத் தனிக் கொட்டகையில் ஒரு டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அது காற்றழுத்தியையும் ஹைட்ராலிக் பம்பையும் இயக்க, அங்கிருந்து குழாய்கள் பட்டறைக்குள் வந்தன. வட்ட ரம்பத்தில் மின்மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ராலிக் மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கிய ரப்பர்க் குழாய்களின் நுனியில், அழுத்தக் காற்றால் சுழலும் உப்புத்தாள் இயந்திரத்தைப் பிடித்தபடி இரண்டு இளைஞர்கள் ஓக் மர மேசைப் பலகை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்திப் பென்சிலால் சிறு வட்டமிட்டார். என் கைக்கு அங்கே எந்த வேறுபாடும் தெரியவில்லை. இயந்திர அறிவில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. மின்மோட்டாருக்குப் பதிலாக ஹைட்ராலிக் மோட்டாரைப் பொருத்தி ஓட்டுவதற்கு, கடையில் வாங்கிச் சொருகுவதை விட அதிகமான பொறியியல் தேவைப்படுகிறது.

தொலைபேசி பட்டறைக்குள் இல்லை. சாலையோரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மரத்தாலான சிறு அறை. அதில் ஒரு தொலைபேசி, வாய்ஸ்மெயில் வசதி, சுவரில் ஆணியில் மாட்டிய குறிப்பேடு. பக்கத்துக் குடும்பங்களும் அதையே பயன்படுத்தின. காலையில் ஒரு முறையும் நண்பகல் உணவுக்கு முன் ஒரு முறையும் அங்கே போய்ச் செய்திகளைக் கேட்பதாகவும், திரும்ப அழைக்க வேண்டியவர்களை அப்போதே அழைத்துவிடுவதாகவும் உரிமையாளர் சொன்னார். "தொலைபேசி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அது வீட்டுக்குள் இருந்தால் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கும், எழுந்து போக வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க நடந்து போவதும் நின்றுவிடும்" என்றார். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டியில் 1910 வாக்கில் தொலைபேசி பற்றிய கருத்து வேறுபாட்டில் சபையே பிளந்திருக்கிறது. பின்னர் மருத்துவர், கால்நடை மருத்துவர், தீயணைப்பு ஆகிய தேவைகளுக்காகப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் தொலைபேசி ஏற்கப்பட்டது. கருவியை மறுக்காமல் அது இருக்கும் தூரத்தை மட்டும் தீர்மானித்த அந்த முடிவு, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு என்னைப் போன்ற ஒருவனின் பணித் திட்டத்தில் வந்து நிற்கிறது.

இத்தகைய முடிவுகளை ஆமிஷ் மக்கள் எடுக்கும் முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. 25 முதல் 40 குடும்பங்கள் வரை கொண்ட ஒவ்வொரு சபை வட்டமும் 'ஒர்ட்னுங்' எனப்படும், பெரும்பாலும் எழுதப்படாத, ஒழுங்குமுறையைப் பின்பற்றுகிறது. ஆண்டுக்கு இரு முறை திருவிருந்துக்கு முன் கூடும் சபை அதை எடுத்துப் பேசி, எல்லோரும் உடன்படுகிறார்களா என்று கேட்கிறது. போதகர்களும் ஆயர்களும் உறுப்பினர்களிடமிருந்தே, சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், சம்பளம் கிடையாது. கார் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஆமிஷ் அல்லாத ஓட்டுநருக்குப் பணம் கொடுத்து அவரது வண்டியில் போகலாம் என்பதை முரண்பாடு என்று வெளியில் இருப்பவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். வாடகை வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், செலவு செய்ய வேண்டும், நாலு பேர் சேர்ந்து போக வேண்டும். ஆகவே தேவையில்லாத பயணம் தானாகக் குறையும், குடும்பங்கள் குதிரை போகும் தொலைவுக்குள்ளேயே வாழும். அவர்கள் காக்க விரும்பியது இதைத்தான் என்று எண்ணிப் பார்த்தால் முரண்பாடு மறைந்துவிடுகிறது.

பால் பண்ணைகளின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேன்களில் பால் வாங்கிவந்த நிறுவனங்கள் 1960களில், குளிரூட்டிய பெரிய தொட்டி இருந்தால்தான் வாங்குவோம் என்று லான்காஸ்டர் பண்ணையாளர்களிடம் கூறின. மறுத்தால் பிழைப்பு போய்விடும். ஆயர்கள் தொட்டியை ஏற்றார்கள். ஆனால் அதைப் பொது மின்கம்பியிலிருந்து இயக்காமல் டீசல் இன்ஜினாலும், பாலைக் கலக்கும் துடுப்பை 12 வோல்ட் பேட்டரியாலும் இயக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பால் எடுக்க வரக் கூடாது என்பதில் மட்டும் அவர்கள் இறுதிவரை அசையவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்து பேரம் பேசியவர்களாகவே அவர்களை நான் மதிக்கிறேன். எல்லா வட்டங்களும் ஒரே இடத்தில் கோடு போடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஹோம்ஸ் கவுண்டியின் சில பட்டறைகளில் பேட்டரியில் ஓடும் ஃபேக்ஸ் இயந்திரம் உண்டு, அங்கேயே வாழும், மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட ஸ்வார்ட்சென்ட்ரூபர் என்ற ஆமிஷ் பிரிவினரோ இன்னும் மண்ணெண்ணெய் விளக்கில் இருக்கிறார்கள்.

பட்டறையை ஏன் பெரிதாக்கவில்லை என்று நான் கேட்டபோது உரிமையாளர் வியப்படைந்தார். ஆர்டர்கள் காத்திருக்கின்றன, நல்ல பெயர் இருக்கிறது, இடமும் இருக்கிறது. "இப்போது மதியம் வீட்டில் சாப்பிடுகிறேன். என் மகன்கள் என் பக்கத்தில் வேலை கற்கிறார்கள். முப்பது பேர் ஆனால் நான் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், மேசை செய்ய மாட்டேன்" என்றார். நிலத்தின் விலை ஏறி விவசாயம் எட்டாமல் போனபோது பல குடும்பங்கள் வீட்டை ஒட்டிய பட்டறைக்குத் திரும்பியதற்கு இதுவே காரணம். வடக்கு இந்தியானாவில் வேறு வழி நடந்தது. எல்கார்ட், லாகிரேஞ்ச் கவுண்டிகளின் ஆமிஷ் ஆண்களில் பெரும்பங்கினர் வீட்டு வசதியுள்ள சுற்றுலா வண்டிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். ஊதியம் நன்றாக இருந்தது. ஆனால் தந்தை பகல் முழுவதும் வீட்டில் இல்லை. 2008இன் பொருளாதாரச் சரிவில் அந்தத் தொழில் நொடித்தபோது அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து வேலையிழந்தார்கள்.

எங்கள் அலுவலக வாழ்க்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கைபேசியில் அலுவலக உரையாடல் செயலியை நிறுவும்படி எங்களுக்கு ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது, நிறுவினோம். அது இரவு உணவின்போது ஒலிக்கலாமா, விடுப்பில் இருப்பவரை அழைக்கலாமா, சென்னையிலுள்ள எங்கள் குழுவினர் அமெரிக்க நேரத்துக்காக எத்தனை மணி வரை விழித்திருக்க வேண்டும் என்று எவரும் கூடிப் பேசவில்லை. செலவு எவ்வளவு, நேரம் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு மட்டும் போடப்பட்டது. அதைப் பயன்படுத்தும் மனிதர்களுக்கிடையே என்ன மாறும் என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. பயனர் தேவைகளை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் என்ற எண்ணம் எனக்கு ஆழமாக உண்டு.

அவர்களுடைய வாழ்வை அப்படியே நல்லது என்று நான் ஏற்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தும் உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு அளித்தது. படிப்பினால் மட்டுமே மேலே வந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அத்தீர்ப்பை மனதார ஏற்க முடியவில்லை. பெண்கள் ஆயர்களாக முடியாது. ஞானஸ்நானம் பெற்றபின் விலகிச் செல்பவரைச் சபை ஒதுக்கிவைக்கும். பெற்றோரோடு ஒரே மேசையில் சாப்பிட முடியாமல் போகும் பிள்ளைகளின் துயரம் சிறியதல்ல. கூடி முடிவெடுக்கும் பழக்கத்தை மதிக்கும் அதே வேளையில், அந்த முடிவை ஏற்காதவருக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

மென்பொருளை நாங்கள் இறுதியில் இப்படி அமைத்தோம். ஃபேக்ஸுக்கு அனுமதியுள்ள பட்டறைகளுக்கு ஆர்டர் ஃபேக்ஸாகப் போகும்; மற்றவர்களுக்கு அச்சிட்டு அஞ்சலில் போகும். நாள்தோறும் நிலையைப் பதியும் விதியை நீக்கி, வாரத்தில் குறித்த ஒரு நாளில் அவர்கள் வாய்ஸ்மெயிலில் சொல்ல, நிறுவனத்தின் எழுத்தர் அதைக் கணினியில் ஏற்றும்படி செய்தோம். இதற்குத் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் ஒரு மேசை ஒரே நாளில் எவ்வளவு முன்னேறியது என்பதைத் தெரிந்துகொள்ள எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை என்று விற்பனைப் பிரிவினரே சொன்னபின் அது அடங்கியது.

எங்கள் குழுவுக்குள்ளும் ஒரு கோரிக்கை வைத்தேன். கைபேசிக்கு வரும் ஒவ்வொரு தானியங்கி எச்சரிக்கையையும் ஆண்டுக்கு இரு முறை எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது, அது யாருக்குத் தேவை, யாரை எழுப்புகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று முடிவு செய்வது. மேலாளர் ஒப்புக்கொண்டார். முதல் கூட்டத்திலேயே நள்ளிரவில் வந்துகொண்டிருந்த இருப்பு அறிக்கை எச்சரிக்கை காலைக்கு மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து பேசிய இளம் பொறியாளர் ஒருவர், அதற்காகவே கைபேசியைத் தலையணைக்கு அருகில் வைத்துத் தூங்கியதாகச் சொன்னார். சொந்தக் கைபேசியில் உரையாடல் செயலி இருக்கத்தான் வேண்டுமா என்பதற்கு வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படுகிறது. அது அடுத்த கூட்டத்தின் பட்டியலில் முதலில் இருக்கிறது.