கிணற்றுக்கு வலை, மணிக்கு ஒரு பெடியன்

விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது மகனுக்கு மூன்று வயது. ஐயர் அவன் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதப் பார்த்தார். இவன் கையை உதறிவிட்டுத் தட்டிலிருந்த அரிசியில் வட்டம் வட்டமாகக் கீறிக்கொண்டே இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், திரும்பவில்லை. "தகப்பன் கணக்கு வாத்தி எல்லோ, மகன் இப்பவே சைபர் போட்டுப் பழகிறான்" என்று மாமா ஒருவர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொக்குவிலில் ரியூட்டரி நடத்துகிறவன் நான். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குக் கணிதம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தை ஆளுயரத்துக்கு அடித்து வாசலில் தொங்கவிடுகிற ஊர் இது. புலமைப்பரிசில் முடிவு வந்தால் மதில்களில் இடம் இராது. அப்படிப்பட்ட வாசலில் நின்றுகொண்டு, என் பிள்ளை நாலு வயதாகியும் 'அப்பா' சொல்லவில்லை என்று யாரிடம் சொல்வது? சொல்லவில்லை. 'ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்' என்ற என் அம்மாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வருசத்தைப் போக்கினேன்.

பிடித்துக் கேட்டவர் எங்கள் பகுதிக் குடும்பநல மாது. மகனின் கிளினிக் புத்தகத்தை விரித்து வைத்து, "வேண்டிய சாமானை விரலால காட்டிக் கேக்கிறவரோ?" என்றார். இல்லை. என் கையை இழுத்துக்கொண்டு போய்ச் சாமானின் மேல் வைப்பான், கை ஏதோ ஒரு கருவி மாதிரி. மனைவி உள்ளதைச் சொன்னாள். அன்று இரவு அவளோடு சண்டை பிடித்தேன், ஏன் அதையெல்லாம் சொன்னாய் என்று.

அதன் பிறகு காரியங்கள் ஒழுங்காகவே நடந்தன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒரு கடிதம், அங்கிருந்து பிள்ளை வைத்தியர். கதைக்காத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிப்பார்கள். அதில் குறை இல்லை என்று வந்தபோது எனக்கு நிம்மதிக்குப் பதிலாகப் பயம்தான் கூடியது. சொந்தக்காரர் ஒருவர் அதற்குள் கைதடி நவீல்ட் பாடசாலையில் சேர்க்கச் சொல்லிவிட்டார். அது செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கானது என்று அவருக்கு விளங்க வைக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது. இன்னொருவர் கோண்டாவில் சிவபூமியைச் சொன்னார். 2004இல் தொடங்கிய, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலை, எங்களுக்குப் பக்கத்து ஊர். போய்ப் பார்த்தேன், பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் வைத்தியர், சாதாரண பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகு இருந்தால் முதலில் அதை முயன்று பாருங்கள் என்றார். ஓட்டிசம் (மதியிறுக்கம்) என்ற சொல்லையும் அன்றுதான் எங்களிடம் நேராகச் சொன்னார்.

பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னது என்னை நன்றாகக் குத்தியது. "நீங்கள் பிள்ளையைக் கேள்வி கேக்கிறதைக் குறையுங்கோ. 'இது என்ன? அது என்ன நிறம்?' ஒண்டும் வேண்டாம். அவர் பாக்கிறதைப் பாத்து ஒரு சொல் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருங்கோ. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்கோ." காலை தொடக்கம் இரவு வரை கேள்வி கேட்டே சீவிக்கிறவன் நான். பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று எண்ணுவதற்குள் வாய் உன்னும்.

மாதத்தில் ஒரு தரம், சில வேளை இரண்டு தரம்தான் அங்கே முறை கிடைக்கும். மிச்ச நாளெல்லாம் சிகிச்சை வீட்டில்தான், அதாவது நாங்கள்தான்.

இதெல்லாம் நடந்தும் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வைத்தது ஒரு கிணறு.

ஒரு ஞாயிறு மத்தியானம் படலை கொளுவாமல் கிடந்திருக்கிறது. பெடியனைக் காணவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை எப்படித் தேடுவது? பெயரைக் கத்திப் பிரயோசனம் இல்லை. இருபது நிமிடம். மூன்றாம் வீட்டு வளவில், கிணற்றுக் கட்டில் ஏறி இருந்து கீழே வட்டமாகத் தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் இரண்டும் உள்ளே. அந்த வீட்டு அன்ரி, சத்தம் போடாமல் பின்னால் போய் இடுப்போடு சேர்த்துத் தூக்கினார்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வீட்டை விட்டு நழுவுகிற பழக்கமும், தண்ணீரில் ஒரு ஈர்ப்பும் உண்டு என்று பிறகு வைத்தியர் சொன்னார். வளவுக்கு ஒரு கிணறு இருக்கிற யாழ்ப்பாணத்தில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கிணற்றுக் கட்டில் அவனைக் கண்ட அன்று பின்னேரமே மனைவியும் நானும் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனோம். பதினாலு வீடு. என்ன பிரச்சினை, எப்படிக் கூப்பிட வேண்டும், கண்டால் துரத்தாமல் எப்படிக் கையைப் பிடிக்க வேண்டும் எல்லாம் சொன்னோம். முதல் வீட்டில் எனக்கு வாய் வரவில்லை, அவள்தான் கதைத்தாள். ஆறாம் வீட்டில் நான் தொடங்கினேன். "உதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் ஒரு கிழவர், கொஞ்சம் கோபமாகவே. சந்திக் கடைக்காரர் அவன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள அவனை ஒருக்கால் கூட்டி வரச் சொன்னார்.

வலை வந்தது குருநகரிலிருந்து. கிளினிக்கில் எங்களோடு வாங்கில் காத்திருக்கிற ஒரு தாயின் கணவர் கடற்றொழில் செய்கிறவர். கதையைக் கேட்டுவிட்டு, கழித்துப் போட்ட பழைய வலையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஒழுங்கைப் பெடியள் சேர்ந்து இரும்பு வளையம் வைத்துப் பதினொரு கிணற்றுக்குக் கட்டினார்கள். மற்ற மூன்றும் ஏற்கெனவே மூடியவை. காசு தரப் போனேன், வாங்கவில்லை.

அந்த வாங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டு பட்டம் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த வேலையில் எனக்குப் படிப்பித்தவர்கள் அந்த வாங்கில் இருந்த ஐந்தாறு தாய்மார். கடிதங்கள் எல்லாவற்றையும் பத்துப் பிரதி எடுத்து வை, மூலத்தை ஒருவரிடமும் கொடாதே. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பார், கொடுப்பனவு கிடைக்காவிட்டாலும் பதிவு இருக்கட்டும். எல்லாவற்றிலும் பெறுமதியானதைச் சொன்னவர் அந்தக் குருநகர்த் தாய்தான்: "வைத்தியர் வருத்தத்தின்ர பேரை மட்டும் எழுதித் தந்தால் பள்ளிக்கூடம் பயப்படும். பிள்ளைக்கு என்ன ஏலும், என்ன உதவி வேணும் எண்டும் எழுதித் தரச் சொல்லுங்கோ." கேட்டோம், எழுதித் தந்தார். 'படம் காட்டினால் விளங்கிக்கொள்வார். திடீர்ச் சத்தம் தாங்கமாட்டார். மலசலகூடத்துக்குத் தானே போவார்.' இந்தக் கடைசி வசனத்தைத்தான் எந்த அதிபரும் முதலில் தேடி வாசித்தார்.

தரம் ஒன்றுக்கு விண்ணப்பிப்பது முதல் வருசமே. வீட்டுக்குக் கிட்டிய பள்ளிக்கூடம், "எங்களிட்டை வசதி இல்லை, சேர்" என்றது. நான் படித்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன்: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவு, வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காகக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது. அதிபர் மறுக்கவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே ஒரு ரீச்சரும் இருக்கிற வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சட்டம் கதவைத் திறக்கவில்லை, ஆனால் பேச்சின் தொனி மாறியது. வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் போய்ப் பாருங்கள் என்று அவரே கடிதம் எழுதித் தந்தார். அங்கேதான் எந்தப் பள்ளிக்கூடத்தில் அலகு இருக்கிறது, ரீச்சர் இருக்கிறாரா என்ற விபரம் சரியாகக் கிடைத்தது. நேரே அங்கே போயிருந்தால் மூன்று மாத அலைச்சல் மிச்சம்.

இப்போது படிக்கிற பள்ளிக்கூடம் சைக்கிளில் பதினைந்து நிமிடம். அலகில் ஒன்பது பிள்ளைகள். காலையில் அங்கே, பாட்டுக்கும் சித்திரத்துக்கும் விளையாட்டுக்கும் தரம் ஒன்றோடு. முதல் கிழமை மனைவி வகுப்புக்குள் இருந்தாள். இரண்டாம் கிழமை விறாந்தையில். அப்புறம் முற்றத்து வேம்புக்குக் கீழே, அப்புறம் வாசல் கதவடியில். ரீச்சர் கிழமைக்கு ஒரு தடவை கதிரையைத் தள்ளி வைத்தபடி இருந்தார். ஒரு கொப்பி தினமும் போய் வரும். இரவு நித்திரை கொண்டானா, காலையில் என்ன சாப்பிட்டான் என்று நாங்கள் இரண்டு வரி, அங்கே என்ன நடந்தது என்று அவர் இரண்டு வரி.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "எங்கட பிள்ளையளும் உதைப் பாத்துப் பழகிவிடும்" என்றார். எனக்குக் காது சுட்டது. மனைவி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அவனைப் பாத்துப் பழகிறதெண்டால் உங்கட பிள்ளை மணிக்கூடு பாக்கப் பழகும்." உண்மைதான். எங்கள் ஆளுக்கு அப்போது பத்துச் சொல் இருந்திருக்கும், ஆனால் நேரம் நிமிடக் கணக்கில் தெரியும்.

தீராத பிரச்சினை மணி. தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிக்கிற மணி. ஒவ்வொரு அடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து குழறுவான். காதுக்கு அடைப்பான் போட்டுப் பார்த்தோம், பிடுங்கி எறிந்தான். மணி அடிக்கிற ஐந்தாம் வகுப்புப் பெடியன்தான் வழி கண்டுபிடித்தான். அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஓடி வந்து, சுவர் மணிக்கூட்டைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டிவிட்டு ஓடுவான். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து, நேரம் வர முதலே தானாகக் காதைப் பொத்திக்கொள்வான். ஒரு மாதத்தில் குழறல் நின்றது.

சனிக்கிழமை பின்னேரங்களில் ரியூட்டரிக் கொட்டில் இப்போது வாங்குத் தாய்மாருக்கு. பிள்ளைகள் உள்ளே, படிவம் நிரப்புகிற வேலை எனக்கு. வாசலில் தொங்குகிற ஒன்பது ஏ பனருக்குக் கீழே அந்தப் பிள்ளைகளின் செருப்புகள் கிடக்கும்.

மணி அடித்த பெடியன் தை மாதம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டான். மகன் மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வேலை தனக்குத்தான் வேண்டும் என்று இப்போது இரண்டு பெடியள் பிடுங்குப்படுகிறார்கள். இருவரும் ஒன்றாக ஓடி வந்து ஆளுக்கு இரண்டு விரல் காட்ட, இவன் நாலு நிமிடம் என்று எடுத்துவிட்டு ரீச்சரிடம் முறைப்பாடு சொல்கிறானாம்: "பிழை. மணி பிழை."