அடக்க மறுக்கும் நாலு கம்பிகள்

நாலே கம்பிதானே, ஆறு கம்பி கிட்டாரைவிடச் சுலபமாகத்தான் இருக்கும் என்று நம்பி, கனத்த கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. 43 வயதில் இப்படியொரு கணக்குப் போட்டவனை என்ன சொல்ல!

கழுத்தின் நீளம்தான் முதல் அடி. அதிர்கிற கம்பி மட்டுமே 34 அங்குலம். கழுத்தின் குறுக்கே உலோகப் பட்டிகள் பிரிக்கிற கட்டங்கள்தான் ஃப்ரெட். முதல் நாலு ஃப்ரெட்டிலும் விரலுக்கு ஒன்றாக வைக்கப் பார்த்து இரண்டாம் நாளே மணிக்கட்டு வலி. அப்புறம்தான் டபுள் பேஸ் என்கிற, நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியக்காரர்களின் வழி தெரிந்தது: இந்த முதல் ஃப்ரெட்டுகளில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால் மூன்று ஃப்ரெட்டை மட்டும் பார்த்துக்கொள்வது, மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை. வலி போனது.

இரண்டு வாரம் ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமலே பழகினேன். நன்றாக வருவதாகத்தான் தோன்றியது. ஆம்பில் செருகியதும் ஒரே இரைச்சல்!

காரணம் ட்யூனிங்கிலேயே இருக்கிறது. தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி (E, A, D, G) என்ற மேற்கத்திய சுரங்கள். ஈ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டும் எங்கும் அழுத்தாத வெறும் ஏ கம்பியும் ஒரே சுரம், 55 ஹெர்ட்ஸ். இதை வைத்துத்தான் காதால் சுருதி சேர்ப்பேன். ஆனால் ஈ கம்பியில் அந்தச் சுரத்தை வாசித்தால், தொடாத ஏ கம்பியும் தானாக அதிர ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த சுரத்துக்குப் போன பிறகும் அது முனகிக்கொண்டே இருக்கும்.

ஆக, பாதி வேலை வாசிப்பது, மீதி வேலை மற்ற கம்பிகளின் வாயை மூடுவது. வலது கட்டைவிரலைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) மேலேயே ஊன்றி வைத்திருந்தேன். இப்போது ஏ கம்பியை வாசித்தால் அது ஈ கம்பிக்கு இறங்குகிறது. டி, ஜி என்று போகப் போக அதுவும் பின்னாலேயே வந்து மேலே உள்ள கம்பிகளில் சாய்ந்துகொள்கிறது. மெல்லிய கம்பிகள் இடது கையின் பொறுப்பு: அழுத்தும் விரலின் சதை அவற்றின் மேல் லேசாகப் படிந்தால் போதும். சுரத்தை முடிக்கும்போது விரலை முழுதாக எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். நான் வெடுக்கென்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கம்பி தனியாக ஒரு சத்தம் போட்டது.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்குச் சுரம், அடுத்த தட்டுக்கு மௌனம் என்று பழகுகிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், மௌனம்தான் தப்புகிறது. ஒருநாள் போனில் பதிவு செய்து, அதன் ஸ்பீக்கரிலேயே கேட்டு, பரவாயில்லையே என்று மகிழ்ந்தேன். வெறும் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே அந்தச் சின்ன ஸ்பீக்கர் இறங்காது. ஹெட்ஃபோனில் கேட்டபோது எல்லா முனகலும் வரிசையாக வந்தது.

இந்த வாரம் ஆக்டேவ், அதாவது ஒரே சுரத்தை அடுத்த ஸ்தாயியிலும் சேர்த்து வாசிப்பது. ஈ கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், டி கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் சுண்டு விரல். இரண்டும் ஜி. வடிவம் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட ஏ கம்பியை அதே ஆள்காட்டி விரலின் நுனியால் அடக்கப் பார்க்கிறேன். பத்தில் ஆறு முறை அடங்குகிறது.