உள்வாய்

அக்டோபர் 29
அப்பாவின் கட்டிலுக்குக் கால் ஒன்றுக்கு இரண்டு செங்கல் வைத்தாயிற்று. மூன்றாக வை என்கிறாள் அம்மா.

நவம்பர் 3
மழை இல்லை. அப்பா அரை இட்லி சாப்பிட்டார். வலது கை அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 9
ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. செம்பரம்பாக்கம் ஏரி 20 அடியைத் தாண்டிவிட்டது, நிரம்பினால் 24. 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் நின்ற கோடு என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. மூன்று தடவை வெள்ளையடித்தும் பழுப்பாகக் கசிந்து வெளியே வருகிறது. அன்றைக்குத் தெருவே கூடி அதிகாரிகளைத் திட்டியது. நானும்தான்.

நவம்பர் 10
தூக்கம் வரவில்லை. மருந்துச் சீட்டு தேடி இரும்புப் பெட்டியைத் திறந்தால் கட்டுக்கட்டாக பி மெமோ ரசீது, அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்குக் கட்டிய அபராதம். அடியில் பழைய வரைபட நகல். எங்கள் மனை இருக்கும் இடத்தில் 'ஏரி உள்வாய்' என்று எழுதியிருக்கிறது. ஏரிக்குள் தண்ணீர் நிற்கிற பரப்பு. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது! கடையில் ஒரு ரூபாய் கூடுதலாக வந்தால்கூட நடந்துபோய்த் திருப்பிக் கொடுப்பார். அவருடைய கணக்கு நோட்டில், அதே அழகான கையெழுத்தில்: கரண்ட் கனெக்‌ஷன், இதர செலவு 3,000. வீட்டு வரி, இதர செலவு 1,500. வாங்கினவன் பெயர் எங்கும் இல்லை. கொடுத்தவர் உள்ளே படுத்திருக்கிறார்.

நவம்பர் 11
பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் இரண்டு துளை உண்டு. சின்ன வயதில் அதில் கோலி உருட்டுவோம். அது மதகுக் கல். ஏரித் தண்ணீரைப் பங்கிடுகிற நீர்கட்டி நின்று மதகைத் திறந்துவிட்ட இடத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நவம்பர் 12
வெயில். அப்பா என் பெயரைச் சொன்னார். தெளிவாகச் சொன்னார்.

நவம்பர் 14
21.8 அடி.
ஏரிகளைக் காக்க 2007-ல் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கார் நிறுத்த, வாசலில் போக்குக் கால்வாய்மேல் சிலாப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் போட்டிருக்கிறாரே, நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்றுதான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அப்பாவிடம் கேட்க நினைத்ததையெல்லாம் இன்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

நவம்பர் 16
விடாத மழை. உபரி நீர் திறக்கப்போகிறார்களாம். சிலாப்பை உடைக்க ஆள் கேட்டேன், மழை விடட்டும் சார் என்கிறார்கள். கடப்பாரை எடுத்து நானே இறங்கினேன். ஒரு மூலைதான் பெயர்ந்தது.
அம்மா இப்போது நாலாவது செங்கல் கேட்கிறாள். பின்கட்டில் இருந்தவை தீர்ந்துவிட்டன.