படத்தின் முதுகில் எழுத வேண்டியவை

மும்பையில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கான இந்த மலரின் நடுப்பக்கங்களில் ஐந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் வருகின்றன. நான்கு படங்கள் தாராவி, மாட்டுங்கா, சயான் பக்கம் எடுத்தவை. ஐந்தாவது, நம் பள்ளி முற்றத்தில் எடுத்த வகுப்புப் படம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரிக்குத்தான் இடம் கிடைத்தது. அந்த வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்: எந்த நேரம், எங்கே நின்றது, எது கெட்டுப் போயிருக்கும், எதனால் கெடவில்லை. துபாய், தோஹா, டொராண்டோ என்று போய்விட்ட நம்மவர்களின் பெட்டிகளிலும் இதே மாதிரிப் படங்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கும்போது இந்தக் குறிப்புகள் கைகொடுக்கும்.

முதல் படம் தாராவியின் தொண்ணூறடி ரோட்டுப் பொங்கல். தை பிறந்த காலையில் அந்த ரோட்டோரம் செங்கல் அடுப்பும் பானையும் கரும்புமாக வரிசை கட்டியிருப்பதைப் பார்க்காமல் நம் பள்ளியில் படித்தவர் இருக்க முடியாது. மும்பையில் அன்று சூரியன் எழ ஏழேகால் ஆகிவிடும், திருநெல்வேலியைவிட அரை மணிக்கும் மேல் பிந்தி. படத்துக்கான வெளிச்சம் ஏழே முக்காலிலிருந்து ஒன்பது மணி வரைதான். அதற்குள் விறகுப் புகை நன்றாக எழும்பியிருக்கும், வெயிலும் இன்னும் சாய்ந்தே விழும். புகை படத்தில் தெரிய வேண்டுமானால் அது சூரியனுக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்க வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு எடுத்தால் அதே புகை சாம்பல் பூசிய சுவர் மாதிரி விழும், ஆட்களும் தட்டையாகிவிடுவார்கள்.

வெளிச்சத்துக்கு எதிரே நின்றால், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாறும். புகையின் வெள்ளையைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதும் என்று அது சொல்லும். அதை நம்பினால் அடுப்படியில் குனிந்திருக்கும் அம்மாமார்களின் முகம் கரியாகிவிடும். இந்தப் படத்தில் 400 வேக பிலிமுக்கு மீட்டர் காட்டியது 1/250 விநாடி, எஃப் 8 (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் குறைந்தால் துவாரம் பெரிது). எடுத்தது 1/250, எஃப் 5.6, அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல், இரண்டு மடங்கு வெளிச்சம். ஷட்டர் வேகத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். கூடாது. 1/30இல் எடுத்தால் பொங்கி வழியும் நுரை கலங்கிய பஞ்சாகிவிடும். 1/250இல்தான் குமிழி குமிழியாக நிற்கும்.

ஃபோகஸைப் பால் பொங்குவதற்கு முன்பே பானையின் விளிம்பில் வைத்துவிட வேண்டும். நுரை விளிம்பைத் தொட்ட பிறகு தேடினால் பிந்திவிடும். நுரை விளிம்புக்கு மேலே விரலளவு எழும்பி, இன்னும் சரியாமல் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. “பொங்கலோ பொங்கல்” என்று வாய்கள் திறப்பதும் அப்போதுதான். கேமரா பானையின் உயரத்தில் இருக்க வேண்டும், அதாவது குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் பானைக்குள் இருப்பது தெரியும், முகங்கள் தெரியாது. 35 மில்லிமீட்டர் லென்ஸோடு ஒரு மீட்டரைவிடக் கிட்டப் போனால் ஆவி கண்ணாடியில் படியும், தீப்பொறியும் தெறிக்கும். முன்னால் ஒரு சாதாரண யூவி ஃபில்டர் போட்டுவிட்டால் லென்ஸ் தப்பிக்கும்.

இரண்டாவது படம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே உள்ள பூக்கடை. மல்லிகைச் சரம், கனகாம்பரம், துளசி, வாழையிலை எல்லாம் ஒரே பலகையில். கண்ணுக்கு இதைவிட வண்ணமான இடம் மாட்டுங்காவில் கிடையாது. சிக்கல் கறுப்பு வெள்ளையில்தான் வருகிறது: கனகாம்பரத்தின் ஆரஞ்சும் இலையின் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, பூ எது இலை எது என்று தெரியாமல் போகும். மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டர் போட்டால் இலை வெளுக்கும், கனகாம்பரம் கறுக்கும், சரம் சரமாகப் பிரிந்து தெரியும். அந்த ஃபில்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால், விடிகாலையில் டியூப்லைட்டை நம்பி எடுக்காமல் நன்றாக விடிந்த பிறகு எடுத்தது இது.

டியூப்லைட்டில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/50, 1/100 என்று வைத்தால் எல்லாப் படமும் ஒரே அளவு வெளிச்சத்தில் வரும். 1/500 வைத்தால் ஒன்று இருட்டும் ஒன்று வெளிச்சமுமாக வரும், சில நேரம் ஒரே படத்தில் பட்டை விழும்.

மல்லிகையை மட்டும் நோக்கி மீட்டர் பிடித்தால் அது வெள்ளையையும் சாம்பலாக்கிவிடும். பூ துவைக்காத துணி மாதிரி இருக்கும். அந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் திறந்தால் இதழுக்குள் இதழ் தெரியும். மூன்றுக்கு மேல் போனால் வெறும் காகிதம்தான்.

மூன்றாவது, மழை. கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் போகும் ஆட்கள். இது 2005 ஜூலை 26 அன்று எடுத்ததல்ல. அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. இந்தப் படம் வருடா வருடம் வரும் சாதாரண ஆடி மழையில் எடுத்தது. மழைத்தாரை தெரிய இரண்டு வேண்டும்: பின்னால் இருட்டு, பக்கவாட்டில் வெளிச்சம். பாலத்தடி இருட்டு அதைத் தானாகவே கொடுக்கும். பெரிய துளி விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும். 1/60இல் அது 15 சென்டிமீட்டர் கோடாகும், 1/500இல் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது, தூசி விழுந்த படம் போலிருக்கும். மழையை மழையாகக் காட்ட 1/60தான் என் கணிப்பு.

கேமராவுக்குப் பால் பாக்கெட்டை அறுத்துக் கழுவி, லென்ஸ் முனையில் ரப்பர் பேண்டு போட்டால் போதும். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துப் புழுக்கத்தில் வந்தவுடன் லென்ஸ் மூடியைத் திறக்காதீர்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இது தினமும் நடக்கும். மூடிய பையிலேயே அரை மணி வைத்திருந்து எடுத்தால் கண்ணாடியில் பனி படியாது.

இந்த ரோலைக் கழுவியபோது ஒரு தவறு நடந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் வானப் பகுதியில் மெல்லிய சுருக்கம், தோல் வெடித்த மண் போல, தெரியும். பிலிமில் படத்தை எழுப்பும் டெவலப்பர் கரைசல் ஐஸ் வைத்துக் குளிர்ந்து 20 டிகிரியில் இருந்தது. கழுவிய தண்ணீரோ குழாயிலிருந்து 28 டிகிரியில் வந்தது. ஜெலட்டின் திடீரென்று விரிந்து சுருங்கியதன் தடம் அது, அதை எடுக்க வழியில்லை. டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் நான்கும் ஒரு டிகிரி இரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். நான்கையும் ஒரே தொட்டித் தண்ணீரில் முன்கூட்டியே நிறுத்தி வைப்பதுதான் வழி.

டெவலப்பர் டி-76. கடைப் பாக்கெட் கிடைக்காத நாளில் அளந்தே கலக்கலாம்: 52 டிகிரி சூட்டில் 750 மில்லி தண்ணீர், மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2, பிறகு தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் அதில் கரையாது. சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது தெளிந்த பிறகு மிச்ச சல்ஃபைட். ஹைப்போவை நாம் எல்லோரும் பள்ளி ஆய்வகத்தில் அயோடினோடு சேர்த்துப் பார்த்திருக்கிறோம். அதே சோடியம் தயோசல்ஃபேட்தான், லிட்டருக்கு 250 கிராம். ஒரு துண்டு பிலிமைப் போட்டு அது எத்தனை நிமிடத்தில் தெளிகிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ரோலை ஊறவிட வேண்டும்.

குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம் மட்டும் வரும் சாலில் (ஒண்டுக் குடித்தன வரிசை வீட்டில்), ஓடும் தண்ணீரில் அரை மணி கழுவ முடியுமா? தேவையில்லை. பிலிம் கழுவும் டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி இருபது முறை. மூன்று தடவைத் தண்ணீரில் வேலை முடிந்தது. இல்ஃபோர்ட் கம்பெனி சொல்லிக்கொடுத்த முறை இது, தண்ணீர்ப் பஞ்சத்துக்கென்றே செய்தது போலிருக்கும்.

நான்காவது படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சயான் மேம்பாலத்தின் மேலிருந்து, 135 மில்லிமீட்டர் லென்ஸில், நம்மை நோக்கி வரும் லோக்கல் ரயில். நேராக வரும் வண்டி படத்தில் இடம் பெயர்வது குறைவு, 1/250 போதும். பக்கவாட்டில் போயிருந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் வண்டி ஏழு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 1912இல் கட்டிய அந்தப் பாலத்தை 2024 ஆகஸ்டில் இடிப்பதற்காக மூடிவிட்டார்கள். நிற்க அந்த இடம் போய்விட்டது என்பதால்தான் இந்தப் படத்தைச் சேர்த்தோம்.

தேதி எழுதாத படங்களுக்கு இந்த லோக்கல் ஒரு சாட்சி. சீமென்ஸ் மின்கருவிகள் பொருத்திய வெள்ளை ஊதா வண்டி 2007 நவம்பரில்தான் ஓடத் தொடங்கியது; அது தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. பெயர்ப்பலகையில் ‘பாம்பே வீடி’ (விக்டோரியா டெர்மினஸ்) என்று இருந்தால் 1996க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸியை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள், அது 2023 அக்டோபர் வரை ஓடியது.

இனி வகுப்புப் படம். நாற்பத்தெட்டுப் பேர், நாலு வரிசை: தரையில் 11, ஆசிரியர்களோடு நாற்காலியில் 11, நிற்பவர் 13, பெஞ்சின் மேல் நிற்பவர் 13. ஆளுக்கு 45 சென்டிமீட்டர் வைத்தால் நீள வரிசை ஏறத்தாழ ஆறு மீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அதை அடக்க எட்டு மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். நம் முற்றம் அவ்வளவு நீளமில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் இடம் போதும், ஆனால் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். அதனால் கேட்டைத் திறந்துவிட்டு, தெருவில் ஸ்டாண்டை நிறுத்தி எடுத்தது இது. கைவண்டிகளைத் தடுக்க இரு பக்கமும் ஒவ்வொருவர் நின்றார்கள். எஃப் 8 வைத்து எட்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால் நாலரை மீட்டரிலிருந்து முப்பது மீட்டர் வரை தெளிவாக விழும். எனவே வரிசைகள் நாலும் கூர்மை.

வெள்ளைச் சட்டைக் கூட்டம் மீட்டரை இன்னொரு விதத்தில் ஏமாற்றும். சட்டை சரியாகவும் முகம் இருட்டாகவும் வரும். உள்ளங்கையை அதே நிழலில் விரித்து, அதில் மீட்டர் பிடித்து, ஒரு ஸ்டாப் திறந்துவிடுவது எளிய வழி. கண் மூடியவர்களுக்காக எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி, திறந்த மறுகணம் அழுத்த வேண்டும். அப்படியும் நாலு தடவையாவது எடுத்தாக வேண்டும்.

இந்த நெகடிவில் ஒரு முகத்தின் அகலம் ஒரே ஒரு மில்லிமீட்டர். 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் அதற்கு ஏறத்தாழ 95 புள்ளிகள் கிடைக்கும், ஆளை அடையாளம் காணலாம். அதே கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கி, முகத்துக்கு 44தான் மிஞ்சும். மலருக்குப் படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். நெகடிவ் இல்லாமல் பிரிண்ட் மட்டும் இருந்தால் 600 டிபிஐ.

நெகடிவில் பூஞ்சை படிந்திருந்தால் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று அதைக் கரையும் பொருளாக்கி வைத்திருக்கும். தண்ணீர் பட்டால் முகமே கழன்று போகும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, ஒரே திசையில், அழுத்தாமல் துடைக்க வேண்டும். பிறகு பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பட்டர் பேப்பர் உறை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிரிண்டின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கத்தில் தழும்பு விழும். கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து 2பி பென்சிலால், ஓரத்தில், மெதுவாக. தேதி, இடம், எந்தப் பக்கம் பார்த்து நின்றது, பிறகு பெயர்கள் இடமிருந்து வலமாக வரிசை வரிசையாக. முதலெழுத்தும் பட்டப்பெயரும் சேர்த்து எழுதுங்கள். நம் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள், இன்றைக்கு முதலெழுத்துதான் பிரித்துக் காட்டுகிறது.

நம் படத்தின் முதுகில் 47 பெயர்கள் இருக்கின்றன. மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஒன்பதாவதாக, கழுத்துப் பட்டன் போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்து நிற்பவரின் பெயர் விடுபட்டிருக்கிறது. அச்சிலும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் மலர்க் குழுவுக்கு எழுதுங்கள், முதலெழுத்தோடு.