ஒன்றா இரண்டா என்று பார்க்கும் வேலை

பப்பாசிக் காயின் காம்படியில் வெள்ளையாக எதையாவது கண்டால், மட்டக்களப்பில் முதலில் எழும் பேச்சு “பூஞ்சணம் பிடித்துவிட்டது” என்பதுதான். மறுநாளே பூஞ்சணத்துக்கு மருந்து வாங்கி அடித்துவிடுவார்கள். அடித்தும் வெள்ளை போகாது. அங்கே பூஞ்சணமே இல்லாதபோது எப்படிப் போகும்? ஊசி முனையால் அந்தப் பஞ்சை மெல்ல ஒதுக்கினால், அடியில் மஞ்சளாக, நீள்வட்டமாக, இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில் ஓர் உடல் கிடக்கும். இறகு கிடையாது. ஆறு கால்களும் வயிற்றுக்குக் கீழே மறைந்திருக்கும். வெள்ளையாகத் தெரிந்தது, அந்தப் பூச்சி தன் தோலின் துளைகள் வழியாகச் சுரந்து தன்னைப் போர்த்திக்கொண்ட மெழுகு.

மாவுப்பூச்சி என்று நாங்கள் ஒரே பெயரில் அழைப்பது சூடோகொக்கிடே என்ற குடும்பம் முழுவதையும். உலகில் இதுவரை சுமார் 2000 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாமே செடியின் சாற்றில் வாழ்பவை. நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் பெண் பூச்சிகளும் குஞ்சுகளும்தான். ஆண் பூச்சி வேறொரு பிறவி போலவே இருக்கும்: இரண்டு இறகுகள் உண்டு, வாய் இல்லை, ஒரு சில நாட்களில் உயிர் போய்விடும். ஆகவே, பெயர் பார்ப்பதெல்லாம் வளர்ந்த பெண் பூச்சியை வைத்துத்தான். எந்தப் பையில் எந்த இனம் வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது ஆய்வுகூடத்தில் என் பொறுப்பு.

மழை ஓய்ந்து கச்சான் காற்று வீசத் தொடங்கும் மாதங்களில்தான் பைகள் அதிகம் வரும். மழை குஞ்சுகளைக் கழுவிவிடும். காற்று அவற்றைத் தூக்கிப் பக்கத்து வளவில் போடும். செங்கலடி, கரடியனாறு, களுவாஞ்சிக்குடி என்று பல இடங்களிலிருந்தும் விவசாயப் போதனாசிரியர்கள் இலையும் காயுமாகக் கொண்டுவருவார்கள். சில வேளை தோட்டக்காரர்களே நேரில் வந்துவிடுவார்கள். கரடியனாற்றிலிருந்து மரவள்ளிக் குருத்தோடு வந்த ஒரு பெரியவர் நான் குறிப்பெழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “பெயரை வைத்து நான் என்ன செய்வது மகன்? அடிக்கிற மருந்தைச் சொல்லுங்கள்.”

அது நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதில் மரவள்ளியைப் பற்றியதுதான்.

1970களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவின் கொங்கோப் பகுதியில் மரவள்ளிக் குருத்துகள் சுருண்டு கருகத் தொடங்கின. காரணம் ஒரு மாவுப்பூச்சி. 1977இல் பிரெஞ்சு ஆய்வாளர் டனியேல் மத்தில்-ஃபெரெரோ அதற்குப் பெனகொக்கஸ் மனிஹொட்டி என்று பெயர் வைத்தார். மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து ஆபிரிக்காவுக்குப் போன பயிர். பூச்சியும் அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும், அதைத் தின்னும் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடினார்கள். தென் அமெரிக்காவின் வடக்கே மரவள்ளியில் அச்சு அசலாக அதே போன்ற பூச்சி கிடைத்தது. ஆனால் அதிலிருந்து எடுத்த எதிரிகள் ஆபிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து நுணுகிப் பார்த்த பிறகுதான் அது வேறோர் இனம் என்று தெளிவானது. ஆபிரிக்காவில் இருந்ததில் ஆணே கிடையாது, பெண் மட்டும் தானே குஞ்சு பெருக்கும். வடக்கே கிடைத்ததில் ஆணும் உண்டு. 1981இல் அதற்குப் பெனகொக்கஸ் ஹெரெனி என்று தனிப் பெயர் வந்தது. அதே ஆண்டில் உண்மையான மனிஹொட்டி வெகு தெற்கே பரகுவேயில் கிடைத்தது. அதோடு அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு சிறு குளவியும் கிடைத்தது. அந்தக் குளவியைக் கொண்டுபோய் நைஜீரியாவில் விட்டார்கள். அங்கிருந்து ஆபிரிக்கா எங்கும் அது பரவி மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

“இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்த வரைக்கும் மருந்து கிடைக்கவில்லை ஐயா. இரண்டென்று தெரிந்த பிறகுதான் எங்கே தேடுவதென்று தெரிந்தது” என்றேன். பெரியவர் குருத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போது இது எது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு பையும் என்னிடம் கேட்கிறது. இதற்கு என்ன பெயர் என்பது பிறகு வருவது; இது முன்பு பார்த்ததா, வேறா, ஒன்றா, இரண்டா என்பதே முதலில் தீர வேண்டியது.

வெறுங்கண்ணால் ஓரளவுக்குச் சொல்லலாம். முதுகில் இரண்டு கருங்கோடுகளும் பின்னால் இரு நீண்ட வால்களும் கண்ணாடி இழை போன்ற மெழுகு மயிர்களும் இருந்தால் ஃபெரிசியா விர்காட்டாவாக இருக்கலாம், கொய்யாவில் பார்க்கலாம். மஞ்சள் உடலோடு பப்பாசியில் இருந்தால் பப்பாசி மாவுப்பூச்சியாக, அதாவது பரகொக்கஸ் மார்ஜினேட்டஸாக இருக்கலாம். அதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அற்ககோலில் போட்டு ஓரிரு நாள் வைத்தால் மஞ்சள் உடல் நீலம் கலந்த கறுப்பாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் காலையில் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது எனக்கு மகிழ்ச்சி தரும் காட்சி அது. ஆனால் இவையெல்லாம் “இருக்கலாம்” என்ற அளவில் நிற்பவை. “இருக்கிறது” என்று எழுத வேண்டுமானால் வழுக்கி, அதாவது நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்குக் கண்ணாடித் தகட்டில் பதித்த மாதிரி, செய்தாக வேண்டும்.

வழுக்கி செய்வது பொறுமையைக் கேட்கும் கைவேலை. பூச்சியின் ஓரத்தில் நுண்ணிய ஊசியால் சிறிதாகக் கீறிவிட்டு, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு மெல்லச் சூடாக்க வேண்டும். உள்ளே உள்ள சதையும் கொழுப்பும் இளகும். தட்டையான கரண்டி முனையால் உடலை வருடி வருடி அவற்றைக் கீறல் வழியாக வெளியேற்ற வேண்டும். அழுத்தம் கூடினால் தோல் கிழியும், குறைந்தால் கொழுப்பு தங்கி எல்லாவற்றையும் மறைக்கும். கழுவி எடுத்தால் மிஞ்சுவது கண்ணாடித் தாள் போன்ற வெறுந்தோல். அதற்கு அசிட் பியூக்சின் சாயம் ஏற்றினால் இளஞ்சிவப்பாகும். பிறகு அற்ககோல், அதன்பின் கராம்பு எண்ணெய், கடைசியாகக் கனடா பல்சம் ஒரு துளி, மேலே மூடுகண்ணாடி. அது உலர வாரக்கணக்காகும். கராம்பு எண்ணெய் வாசம் சட்டையோடு வீடுவரை வரும்.

நுணுக்குக்காட்டியில் வைத்து உருப்பெருக்கத்தைக் கூட்டும்போதுதான் அந்த இரண்டு மில்லிமீற்றர் தோல் ஒரு நாடு போல விரிகிறது. ஓரம் நெடுக இணை இணையாக முட்கூட்டங்கள் நிற்கும்; பல இனங்களில் அவை 18 இணைகள் வரை இருக்கும். மூன்று பள்ளம் கொண்ட துளைகள் எங்கும் சிதறியிருக்கும். பல பள்ளம் கொண்ட வட்டத் துளைகள் பெரும்பாலும் வயிற்றுப்புறத்தில் இருக்கும். விளிம்பு வைத்த குழாய்கள் வேறு. பப்பாசி மாவுப்பூச்சியின் முதுகில் இந்த விளிம்புக் குழாய்கள் ஓரத்தில் மட்டும் இருக்கும், நடுவே வராது. பின்னங்காலின் கணைப் பகுதியில் துளைகள் இராது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருந்தால் என் பேனா நம்பிக்கையோடு பெயரை எழுதும்.

ஆனால் எண்ணிக்கையை நம்பி அவசரப்படக் கூடாது. 2005இல் பாகிஸ்தானில் பருத்தியை ஒரு மாவுப்பூச்சி நாசமாக்கியது. துளைகளின் அளவும் எண்ணும் பழைய விவரிப்போடு முழுதாகப் பொருந்தாததால், அதைப் புதிய இனமென்று எண்ணி ஒரு பெயரும் வைத்தார்கள். பல இடத்து மாதிரிகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, அது 1898இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் டின்ஸ்லி என்பவர் எறும்புப் புற்றிலிருந்து விவரித்த பெனகொக்கஸ் சொலெனொப்சிஸ்தான் என்று தெரிந்தது. ஒரே இனத்துக்குள்ளேயே துளைகளின் எண்ணிக்கை அவ்வளவு மாறுபடுகிறது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதி. அதன்படி புதிய பெயர் ஒதுங்கியது. மரவள்ளியில் ஒன்றென்று நினைத்தது இரண்டாயிற்று. பருத்தியில் இரண்டென்று நினைத்தது ஒன்றாயிற்று.

இந்தச் சொலெனொப்சிஸ் நமக்கு அந்நியமில்லை. இலங்கையில் இதை முதன்முதலாகப் பதிவுசெய்து எழுதியவர்கள் நமது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையினர். செவ்வரத்தை வேலிகளில் இன்றும் அதைக் காணலாம். முதுகில் மெழுகு விலகிய இடங்களில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஒரு நாட்டின் பூச்சிப் பட்டியலில் ஒரு பெயர் கிழக்கிலிருந்து ஏறியிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஏனென்றால் இந்தத் துறையில் இலங்கையின் பெயர் பழையது. கொழும்பில் பிறந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன், 1896 முதல் 1922 வரை இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி ஐந்து பாகங்களாக நூல் வெளியிட்டார்; மாவுப்பூச்சிகளும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். அரசாங்கப் பூச்சியியலாளராகவும் இருந்தார். கோப்பிச் செடியைப் பிடித்த பச்சைச் செதிற்பூச்சிக்கு 1889இல் பெயர் வைத்தவரும் அவரே. அவர் விவரித்த இனங்கள் பலவற்றின் மூல மாதிரிகள் மலையகத்தின் பூண்டுலோயாவில் எடுக்கப்பட்டவை. செவ்வரத்தையைச் சுருட்டும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியை 1908இல் அவர் இந்திய மாதிரியைக் கொண்டு விவரித்தார். அப்போது அதைப் பெனகொக்கஸ் என்ற சாதியில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதியில், வைத்தார். இன்று அது மெக்கொனெலிகொக்கஸ் ஹிர்சூட்டஸ் (கிறீன்). சாதி மாறிவிட்டால், முதலில் விவரித்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அந்த இரண்டு வளைவுகளை எழுதும்போதெல்லாம், நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே வேலையை எண்ணெய் விளக்குக் காலத்தில் செய்த ஒருவருக்கு மரியாதை செய்கிறேன் என்ற நினைப்பு வரும்.

சில மாதிரிகள் எந்த விவரிப்பிலும் அடங்காது. அப்போது சாதிப் பெயரை மட்டும் எழுதி, இனத்தைத் திறந்தே விடுவேன். அந்த நிரல் வெறுமையாக இருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பும் அலுவலகங்களும் உண்டு. “ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள் தம்பி, கோப்பை முடிக்க வேண்டும்” என்று தொலைபேசியில் கேட்பார்கள். நான் போடுவதில்லை. ஒரு தவறான பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவதற்கு ஒரு தலைமுறை போகும். அதற்குள் அந்தப் பெயரை நம்பி எத்தனையோ பேர் தவறான இடத்தில் எதிரியைத் தேடியிருப்பார்கள்.

பப்பாசி மாவுப்பூச்சி இலங்கைக்கு வந்தது 2008இல். அடுத்த ஆண்டே அதன் ஒட்டுண்ணிக் குளவியான அசெரோஃபேகஸ் பப்பாயே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அவ்வளவு விரைவு எப்படி வாய்த்தது? அந்த மாவுப்பூச்சியை 1955இலேயே மெக்சிக்கோவில் யாரோ சேகரித்து, இடத்தைக் குறித்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1992இல் வில்லியம்ஸும் கிரனாரா டி வில்லிங்கும் அதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னர் கரிபியன் தீவுகளில் அது பெருகியபோது, அதன் தாயகம் எது என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே ஒரு பெட்டியில் இருந்தது. எதிரியை அங்கேயே தேடிப் பிடித்தார்கள். குளவிக்கும் 2003இல் பெயர் வந்தது.

கரடியனாற்றுப் பெரியவரின் குருத்தில் இருந்ததும் பப்பாசி மாவுப்பூச்சியே. அது மரவள்ளியையும் விடாது. அவற்றில் சில உப்பிப் பழுப்பாகி, முதுகில் வட்டமான ஓட்டையோடு கிடந்தன. குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய கூடுகள் அவை. உருப்பெருக்கியைக் கொடுத்துக் காட்டினேன். “மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான் ஐயா” என்றேன். மிகவும் கெட்டுப்போன குருத்துகளை ஒடித்து அகற்றுவதாகவும், மற்றவற்றை விட்டுப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் இப்போது இதைத்தான் கேட்டு வருகிறேன். வெள்ளைப் பூச்சியைக் கண்டால், மருந்து அடிப்பதற்கு முன்னால் கொஞ்சத்தை இலைத் துண்டோடு அற்ககோல் போத்தலில் போடுங்கள். பெரிய பூச்சிகளாகப் பார்த்துப் போடுங்கள், குஞ்சுகளை வைத்து இனம் சொல்ல முடியாது. சிறு தாளில் செடி, ஊர், திகதி, எடுத்தவர் பெயர் நான்கையும் எழுதிப் போத்தலுக்குள்ளேயே இடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை அற்ககோலில் கரைந்துவிடும்.